வயிறு மொட்டையான குருவி

அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. உருப்படிகளைப் பார்த்து பாஸ், ரிஜெக்ட் என்று பிரிக்கிற பழக்கம் குவார்ட்டர்ஸுக்கும் அவர் கூடவே வந்துவிடும். கத்தரிக்காய், என் செருப்பு, அக்கம்பக்கத்தாரின் மாப்பிள்ளை, எல்லாம் அவரிடம் தேறியாக வேண்டும். எனக்கு அதில் எரிச்சல்தான்.

எண்பதுகளின் கடைசியில், நான் விலங்கியல் இரண்டாம் வருடம் படித்தபோது, எங்கள் வராந்தாவில் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. மறுநாள் வெள்ளையடிக்க ஆள் வருவதாக இருந்தது. அப்பா ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தார். பெட்டைக் குருவி பதறிப் பறந்து, துணி காயப்போடும் கொடியில் உட்கார்ந்து கத்தியது. அதன் வயிற்றில் இறகே இல்லை. வெறும் சிவந்த தோல்.

"சொறி புடிச்சிருக்கு. ரிஜெக்ட்! கூட்டைக் கலைச்சிடலாம்."

"ஐயோ, அது நோயில்லப்பா!"

மேற்கொண்டு அப்பாவிடம் சொல்ல எனக்கு வெட்கம். அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். அடைகாக்கும் சமயத்தில் பெட்டைக்கு வயிற்று இறகு உதிரும், தோலில் ரத்தம் ஏறித் தடிக்கும், அந்தச் சூடு நேராக முட்டையில் படும். அத்தோடு விட்டேனா? பாடம் முழுவதையும் ஒப்பித்தேன். குருவிக்கு இடப்பக்கச் சினைப்பை ஒன்றுதான் வேலை செய்யும், வலப்பக்கம் வளர்வதே இல்லை. அந்த ஒன்றும் மற்ற மாதங்களில் சுருங்கிக் கிடக்கும், பருவம் வந்தால் திராட்சைக் கொத்து மாதிரி திரளும்.

ஸ்டூலில் நின்றபடியே அப்பா சிரித்தார். "ரெண்டுல ஒண்ணு அவுட்டா? அப்ப கண்டிப்பா ரிஜெக்ட்தான்!"

அம்மாவின் கை நின்றது. "கல்யாணமான மறுவருஷம் எனக்கும் ஒண்ணை எடுத்துட்டாங்களே. அப்புறந்தானே இவ பொறந்தா?"

எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக இறங்கி ஸ்டூலை உள்ளே கொண்டுபோய் வைத்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "ஏய், அரிவாமனைடி!" என்று கத்தினாள்.

மறுநாள் அப்பா லீவு போட்டுவிட்டு மீட்டர் பெட்டிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வெள்ளையடிக்க வந்தவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சார், இந்த எடத்த மட்டும் உட்டா நல்லாவா கீது?"

அப்பா சமையலறைப் பக்கம் திரும்பி, அம்மாவின் காதில் விழும்படி சொன்னார்:

"இருக்கட்டும்பா. அது பாஸாகி ரொம்ப வருஷமாச்சு."