சேற்றில் போட்ட விறகு

வாகரைப் பக்கம் கடலோடு சேரும் களப்பின் ஓரச் சேற்றில் வளரும் கண்டல் காட்டிலிருந்து வீட்டு அடுப்புகளுக்கு எவ்வளவு விறகு போகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. காற்றிலுள்ள காபனை இழுத்துச் சேற்றில் பூட்டி வைக்கும் மரங்கள் அவை. அன்று நான் தனியாகப் போனது மடத்தனம்.

ஒரு மரத்தை எட்டிப் பிடித்து அளவுநாடாவைச் சுற்றும்போது சேற்றில் தொடைவரை புதைந்துபோனேன். காலை இழுக்க இழுக்க இன்னும் தாழ்ந்தேன். அப்போது பின்னால், வேர்களுக்கிடையில் ஏதோ அசைந்தது. இந்தக் களப்பில் முதலை உண்டு. திரும்பிப் பார்க்க உடம்பை முறுக்கினேன்.

“ஆடாதீங்க மிஸ்! ஆடினா இன்னும் தாழும்.”

கையில் கத்தியோடு ஒரு பெண் எழுந்து நின்றார். கண்டல் வெட்டுவோரைப் பிடிக்கும் வன இலாகா ஆளென்று என்னை நினைத்து அதுவரை ஒளிந்திருந்திருக்கிறார். பக்கத்தில் அப்போதுதான் வெட்டிய கண்டல் விறகுக் கட்டு. அதை அவிழ்த்து, தடி தடியாக என் முன்னால் சேற்றில் பரப்பினார். அதன்மேல் நெஞ்சை வைத்துத் தவழ்ந்து கரையேறினேன்.

அவர் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“கேஸ் போடுவீங்களா மிஸ்?”

“இல்லக்கா. நான் கெம்பஸ்ல படிக்கிற பிள்ளை.”

அவர் நம்பவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெறுங்கையோடு போனார். விறகெல்லாம் சேற்றுக்குள் அமிழ்ந்துவிட்டிருந்தது.

இன்றும் அந்தச் சேறு கனவில் வரத் திடுக்கிட்டு விழிக்கிறேன். விழித்த பிறகு தூங்கவிடாதது வேறொன்று: அன்று அந்தப் பெண்ணின் வீட்டில் எதை எரித்து உலை வைத்தார்கள்?