சாப்பாட்டு நேரத்துச் சினிமா வழக்கு

இன்று ரசம் பொங்கிக் கருகிய வாடை வந்ததும் எங்கள் மயிலாப்பூர் வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்தது. அங்கே அப்பாவும் சித்தப்பாவும் கொட்டகையில் பார்த்த பேசாத சிரிப்புப் படங்களைப் பற்றி, குண்டன் விழுந்ததுதான் வேடிக்கை, இல்லை, ஒல்லியன் ஓடியதுதான் வேடிக்கை என்று இலையில் கை காயக் காய வாதாடுவார்கள். பரிமாற நின்று நின்று அம்மாவுக்குக் கால் கடுத்துப்போகும்.

ஒரு நாள் கரண்டியை நங்கென்று வைத்தாள்.

"தினம் இதே ரகளை! ஒரு தடவையாவது என்னை அழைச்சுண்டு போயிருக்கேளா?"

 அந்தச் சனிக்கிழமையே இருவரும் எங்களை அழைத்துப் போனார்கள். பெண்கள் உட்காரும் பக்கத்தில் என்னை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

திரும்பும்போது சித்தப்பா ஆவலாகக் கேட்டார்: "சொல்லுங்கோ மன்னி, குண்டனா, ஒல்லியனா?"

"ரெண்டு பேரையும் ஆத்துல தினம் பாத்துண்டுதானே இருக்கேன்," என்றாள் அம்மா.