தானாக நிற்கும் காரும் சுந்தரலிங்கமும்

சுந்தரலிங்கம் என்ற பெயர் என் காதில் முதலில் விழுந்தது பண்ணைப்புரத்தில் ஒரு வளைகாப்பு வீட்டில். பந்திக்கு ஆக்கி இறக்கியிருந்த எலுமிச்சம்பழச் சாதத்து அண்டாவின் மேல் ஒரு சைக்கிள் சாய்ந்து, அண்டா கவிழ்ந்து, சோறெல்லாம் மண்ணில் கிடந்தது. "எவன்டா சைக்கிளச் சாத்துனது?" என்று சமையல்காரர் கரண்டியோடு வந்தார். "சுந்தரலிங்கம்! சுந்தரலிங்கம்!" என்று பிள்ளைகள் கத்தின. அரைக்கால் சட்டை போட்ட ஒருவன் கொஞ்சம்கூடக் கூசாமல் முன்னால் வந்து, "நான் சாத்தத்தான் செஞ்சேன். விழுந்தது சைக்கிளு" என்றான்.

அவன் அம்மா இருளம்மாள் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகள். எனக்கு நாத்தனார் முறை. சின்னமனூரில் வாழ்க்கைப்பட்டவள். ஓடி வந்து மகனைத் தன் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, "தரை சரியில்லாம சைக்கிள் சரிஞ்சதுக்கு எம்புள்ள என்ன செய்வான்?" என்று சமையல்காரரிடமே சண்டைக்குப் போனாள். அன்றைக்கு முதுகில் ஒன்று வைத்திருந்தால் பிற்பாடு பல பேருக்கு நன்மையாகப் போயிருக்கும். இருளம்மாள் அவன் கையில் ஒரு லட்டைக் கொடுத்தாள்.

அப்படியே வளர்ந்தான். அப்பாவுடைய வாழைத்தார் மண்டி தானாகக் கைக்கு வந்தது. தார் கனிந்துபோனால் வெயில்மேல் குற்றம். காயாக இருந்தால் வெட்டினவன்மேல் குற்றம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பியைத் தன் வேட்டியில் கொட்டிக்கொண்டு, டம்ளர் கொடுத்த பெண்ணை முறைத்தவன் அவன். அந்தப் பெண் தேவயானிதான் பிறகு அவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் தலையெழுத்து.

இருளம்மாளுக்கு இன்னொரு பிள்ளை மகாலட்சுமி, அவனுக்குத் தங்கை. புருஷன் மஞ்சள்காமாலையில் போனபின் கயல் என்ற மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு அவள் கையில்தான். மண்டிக்கு வருகிற ஆட்களுக்குச் சோறு வடிப்பதும் அவள்தான். ஆனால் விசேஷத்துக்கு விசேஷம் சுந்தரலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டு, "தங்கச்சியயும் மருமகளையும் நாந்தான் வச்சுக் காப்பாத்துறேன்" என்பான். அவன் வயிற்றை யார் காப்பாற்றினார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இவனுக்குக் கார் ஓட்டத் தெரியும். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. பழைய கார் இருந்த காலத்தில் தன் வீட்டு வாசல் தூணிலேயே பல முறை இடித்திருக்கிறான். தூணைத் தள்ளிக் கட்டியிருக்க வேண்டும் என்று கொத்தனாரைத் திட்டினான். அப்புறம்தான் தேனி ஷோரூமில் அந்தப் புதுக் காரைப் பார்த்திருக்கிறான். ஆள் கீழே இறங்கி நின்று சாவியில் உள்ள பட்டனை அமுக்கினால், வண்டி தானே பின்னால் போய், தானே திரும்பி, இடம் பார்த்து நிற்குமாம். இவனுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது.

வாங்கின மறுநாளே பண்ணைப்புரத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். எங்கள் தெருவில் இறங்கி, சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு சாவியை நீட்டினான். வண்டி ஆள் இல்லாமல் ஊர்ந்து போய் மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு ஓரமாக நின்றது. தெருவே கூடிவிட்டது. அவனுடைய சித்தப்பா மகன் முத்துராஜா, தார் ஏற்றுகிற லோடு வேன் ஓட்டுகிறவன், கூடவே வந்திருந்தான்.

"அண்ணே, சாயங்காலம் ஒங்களயும் கொண்டுபோயி கட்டில்ல பார்க் பண்ணி விட்டுருமாண்ணே?" என்றான்.

"ஏலே, ஒனக்கு எங்கலே வெளங்கப் போகுது? இதுக்கு சுத்திச் சுத்திக் கண்ணு இருக்கு. நான் பாக்க வேண்டியதே இல்ல."

"நீங்க எப்பண்ணே பாத்தீக?" என்றான் முத்துராஜா. கூட்டம் சிரித்தது. சுந்தரலிங்கமும் சிரித்தான், அது பாராட்டு என்று நினைத்து.

புது வண்டி எடுத்தால் குச்சனூர் சனீஸ்வரனுக்கு முன்னால் நிறுத்திப் பூசை போடுவது அவர்கள் வீட்டு வழக்கம். ஆடிச் சனிக்கிழமை அன்று எல்லோரும் போனோம். நானும் போயிருந்தேன். கோயிலைச் சுற்றி ஆள் கால் வைக்க இடமில்லை. தன் லோடு வேனை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்த முத்துராஜா, "அண்ணே, வண்டிய ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்து போவோம்" என்றான். இவன் கேட்பானா? எள் தீபம் விற்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற இடம் வரைக்கும் கொண்டுபோனான்.

மகாலட்சுமி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். காரின் முன்னாலும் பின்னாலும் பம்பரில் சின்னச் சின்ன வட்டங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. இடித்துவிடாமல் வண்டி தடவிப் பார்க்கிற சென்சார் அதுதான் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. சொந்தக்காரனுக்குத் தெரிய வேண்டும். பொட்டு வைக்க அளவெடுத்த மாதிரி இருந்ததால், அவள் ஒவ்வொரு வட்டத்திலும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தாள்.

"என்ன இம்புட்டுக்காணு வைக்கிற? நல்லா அப்பு, போட்டோவுல தெரியணும்ல" என்றான் சுந்தரலிங்கம். அவள் அப்பினாள். பின்னால் கேமரா இருக்கிற இடத்தில் அவனே தன் கையால் சாமந்தி மாலையைச் சுற்றிக் கட்டினான். கட்டின கையை நான் பார்த்தேன்.

தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி முடித்ததும் கீழே இறங்கி நின்றுகொண்டான். வண்டியை ஒதுக்கி நிறுத்த வேண்டும். சாவியை அமுக்கினான். வண்டி நகரவில்லை. உள்ளே கீக் கீக் என்று கத்தியது. கதவைத் திறந்து பார்த்தான். திரையில் சிவப்பாக ஏதோ எழுத்து வந்திருந்தது. "என்னண்ணே போட்டுருக்கு?" என்று மகாலட்சுமி கேட்டாள். "சும்மா நொச்சு நொச்சுன்னு எதாச்சும் சொல்லும்" என்று படிக்காமலே திரையைத் தட்டித் தட்டி அந்தச் சத்தத்தை அணைத்தான். மறுபடியும் இறங்கினான்.

"தேவயானி, எடு போட்டோ!" சாவியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தன் பெண்டாட்டி கையில் இருந்த போனைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

வண்டி பின்னால் நகர்ந்தது. பின்னால் மூக்கம்மாள் எள் தீபம் விற்றுக்கொண்டு ஒரு கல்தூண் ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பழகினவள், பக்கத்து ஊர்க்காரி. "அண்ணே! ஆள் இருக்கு! விடுண்ணே, விடு!" என்று மகாலட்சுமி அலறினாள். அந்தப் பட்டனில் ஒரு சங்கதி உண்டு. விரலை அழுத்தி வைத்திருக்கும் வரைக்கும்தான் வண்டி போகும், எடுத்த நொடியில் நின்றுவிடும். அவன் விரலை எடுக்கவில்லை. சிரித்த வாய் மூடாமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். முத்துராஜா ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்ட பிறகுதான் வண்டி நின்றது. அதற்குள் மூக்கம்மாளின் முழங்கால் சக்கரத்துக்கும் கல்தூணுக்கும் நடுவில் நசுங்கிப் போயிருந்தது.

அந்தப் பெரிய மனுஷன் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "நான் வண்டியிலயே இல்லையே!"

"அப்ப வண்டியில இருந்தது யாருய்யா, சனீஸ்வரனா?" என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார். முத்துராஜாதான் அவளைத் தூக்கித் தன் லோடு வேனில் போட்டுக்கொண்டு தேனிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். சுந்தரலிங்கம் பம்பரில் கீறல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான்.

திங்கட்கிழமை ஷோரூமில் போய்க் குதித்திருக்கிறான். அங்கே டை கட்டின பையன் அமைதியாகச் சொன்னானாம்: "சார், சென்சாரையும் கேமராவையும் மூடுனா வண்டிக்குக் கண்ணு தெரியாது. அதத்தான் திரையில காட்டுச்சு. நீங்க அத ஒத்துக்கிட்டு அமுக்கியிருக்கீங்க. சுத்தி முத்தி பாக்க வேண்டியது ஓட்டுறவரு பொறுப்புதான், அவரு உள்ள இருந்தாலும் சரி, வெளிய நின்னாலும் சரி." விற்கும்போது அந்தப் பையனும் இதை இத்தனை விவரமாகச் சொல்லியிருக்க மாட்டான், அது வேறு. தானாகப் போகும், தானாக நிற்கும் என்றுதான் வாய் கிழியச் சொல்லியிருப்பான். ஆனாலும் விரல் யாருடையது?

கம்பெனிமேல் பழி ஒட்டாது என்று தெரிந்ததும் அவன் கண் வீட்டுக்குள் திரும்பியது. அந்த வருஷம் மண்டிக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவராக நிற்க வேண்டும் என்று ஆசை வைத்திருந்தான். கேஸ் தன் பேரில் விழக்கூடாது. மண்டியில் இவன் செலவில் டீ குடிக்கிற ஒருவன் யோசனை சொன்னான், தெரியாமல் ஒரு பெண் அமுக்கிவிட்டாள் என்றால் லேசாக முடிந்துவிடும் என்று. இவனுக்கு அதைவிட இனிப்பாக எது இருக்கும்?

ஆவணியில் கயலுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு முறை பார்க்கிற வீடு. தாய்மாமன் சீர்த்தட்டு எடுத்து வந்து, பெண்ணுக்கு மாலை போட்டு மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் தாலி கட்ட விடமாட்டார்கள் என்று எல்லோருக்கும் பயம். அதைப் பிடித்துக்கொண்டான். தங்கையைக் கூப்பிட்டு, "சாவி ஒங்கையில இருந்துச்சுன்னு ஸ்டேஷன்ல சொல்லு. சொல்லலன்னா தாய்மாமன் இல்லாத கல்யாணத்த ஊரு பாக்கட்டும்" என்றிருக்கிறான். "சந்தனத்த அப்புனது நீதான?" என்று சேர்த்துக்கொண்டானாம்.

மகாலட்சுமி என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதாள். "அத்தை, பொட்டு வைக்கத்தான் கம்பெனிக்காரன் எடம் விட்டுருக்கான்னு நெனச்சேன். எம்மகளுக்கே கேடாப் போச்சே." கூட வந்திருந்த கயல், "ஏம்மா, மாமா மாலைய எடுத்து நீட்டலன்னா மாலை என்ன வாடியா போயிரும்?" என்றாள். "ஒனக்குத் தெரியாது, வாய மூடு" என்றாள் தாய். மூன்று பேரும் மூக்கம்மாளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலில் கம்பி வைத்துக் கட்டிப் போட்டிருந்தார்கள். சுந்தரலிங்கம் ஆள் மூலமாக ஒரு பை ஆப்பிள் கொடுத்துவிட்டிருந்தான், அது பிரிக்காமல் கிடந்தது.

"ஆத்தா, மனுசன் மோதியிருந்தா ஏசலாம்" என்றாள் மூக்கம்மாள். "வண்டிதான் மோதுச்சுங்கிறாக. வண்டிய நான் என்னன்னு ஏச? இனிமே அங்கன போயி குத்தவச்சு யாவாரம் பாக்க முடியுமா?"

மகாலட்சுமி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ. ஒருத்தி இருந்தாள். மகாலட்சுமியோடு நானும் போனேன். சுந்தரலிங்கம் வெள்ளை வேட்டியில் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தான்.

"சாவி யாரு கையில இருந்துச்சு?"

"தங்கச்சி கையில மேடம்" என்று முந்தினான். "பொம்பளப்புள்ள, தெரியாம அமுக்கிருச்சு."

"நான் அவுகளக் கேட்டேன்."

மகாலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சந்தனம் வச்சது நாந்தான் மேடம். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. சாவி எங்க அண்ணன் கையில. அமுக்குனதும் அவுகதான். விடு விடுன்னு கத்துனேன். கத்துன பெறகும் வெரல எடுக்கல. போட்டோவப் பாத்துக்கிட்டு நின்னாக."

"ஏய், கூடப்பெறந்தவன்டி நான்!" என்றான்.

"மூக்கம்மாளுக்கும் ரெண்டு காலு கூடத்தான் பெறந்துச்சு" என்றாள் அவள்.

எஸ்.ஐ. அவன் பக்கம் திரும்பினாள். "வெரல எடுத்தா வண்டி நிக்கும்னு தெரியுமா தெரியாதா?"

"தானா போகும்னுதான் மேடம் வித்தான்."

"தானா போகும்னா ஒங்களுக்கு எதுக்குங்க லைசென்சு?"

அவன், அடுத்து யார்மேல் பழி சொல்லலாம் என்று சுற்றிலும் பார்த்தான். சுவரும் நானும்தான் மிச்சம் இருந்தோம்.

அன்றைக்கே மகாலட்சுமி மகளோடு அவன் வீட்டை விட்டு வெளியேறி முத்துராஜா வீட்டுக்குப் போனாள். ஆவணியில் கல்யாணம் நடந்தது. சுந்தரலிங்கம் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி, "சொந்தத் தாய்மாமன் எங்க?" என்று ஆரம்பித்தாள். சித்தப்பா மகனும் தாய்மாமன்தான் என்று முறை சொல்ல நான் எழுந்தேன். அதற்குள் முத்துராஜா சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, "இங்கன இருக்கேன் ஆத்தா, நல்லாப் பாத்துக்கங்க" என்று மேளத்துக்கு முன்னால் வந்துவிட்டான். மாலையைப் போட்டு மருமகளைக் கூட்டிக்கொண்டு போனான். தாலி ஏறியது. மகாலட்சுமி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

சுந்தரலிங்கத்துக்குச் சங்கத் தலைவர் பதவி கிடைக்கவில்லை. லைசென்சை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூக்கம்மாள் போட்ட வழக்கு நடக்கிறது. அவன் இப்போது சின்னமனூரில் அதே வீட்டில் இருக்கிறான். வாய்தா நாளில் பஸ் ஏறி உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் போய்வருகிறான்.