விரிப்பில்லாத பெட்டி

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறது என் அக்காவின் வீடு. அங்கே எந்தப் பொருளும் வெறும் பலகையில் அமர்வதில்லை. தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு பின்னல் விரிப்பு, பூச்சாடிக்குக் கீழே ஒன்று, முருகனுக்கு ஒன்று, மாதாவுக்கு ஒன்று. எல்லாம் அக்கா தன் கையால் பின்னியவை. கடற்காற்றின் உப்பு ஜன்னல் கம்பி முதல் குளிர்சாதனப் பெட்டி வரை தின்றுகொண்டிருக்க, அவள் வெள்ளை நூலை வைத்துக்கொண்டு அதை எதிர்த்து நிற்கிறாள். ஓரிடத்தில் நெடுநேரம் அசையாமல் இருந்தால் எனக்கும் ஒன்றை விரித்துவிடுவாளோ என்ற பயத்தில் நான் அங்கே அடிக்கடி எழுந்து நடப்பதுண்டு. அந்த வீட்டில் விரிப்பில்லாமல் வெறும் மரத்தில் இருப்பது ஒரே ஒரு பொருள்: பேக்கரியில் வாங்கும் அரை றாத்தல் பாண் அளவில், கறுப்பு நிற உலோகப் பெட்டி. அது ஒரு கணினி.

அது வந்தது அத்தானின் குரலுக்காக. அக்காவின் கணவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து, கப்பல் எஞ்சின் அறைகளில் பொறியியலாளராக வாழ்ந்து, ஓய்வுபெற்று இந்த வீட்டுக்கு வந்தவர். எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் பேசிப் பழகிய குரல். சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்டாலும் அடுத்த கப்பலிலிருந்து யாராவது எடுத்துத் தருவார்கள் போலிருக்கும். அந்த வீட்டில் இன்று என்ன கறி என்பது கீழ் மாடிக்காரருக்கு எப்போதும் தெரியும். பெரிய வெள்ளியன்று கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் இயேசுவின் பாடுகளின் வரலாற்றை வாசிக்க அவருக்கு ஒலிவாங்கி தேவைப்பட்டதில்லை. அந்தக் குரல் முதலில் கரகரத்தது. பிறகு உடைந்தது. குரல்வளையை அகற்ற வேண்டும் என்றும், சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு செய்துவிடலாம் என்றும் வைத்தியர் சொன்னார்.

ரொறன்ரோவிலிருந்த அவர்களின் மகன்தான் வழி சொன்னான். குரல் இருக்கும்போதே பேசிப் பதிந்துவைத்தால், கணினி அதைக் கற்றுக்கொள்ளுமாம். பிறகு எதை எழுதினாலும் அப்பாவின் குரலிலேயே வாசிக்குமாம். பதிவுகளை இணையத்தில் அனுப்பினால் அங்கேயே செய்துவிடலாம் என்றான். அத்தான் மறுத்துவிட்டார். ஊர் பேர் தெரியாத கம்பனிக்குத் தன் குரலைக் கொடுத்துவிட்டு, நாளைக்கு அது யாருக்குச் சவர்க்காரம் விற்கிறதோ என்று அவர் காத்திருக்கத் தயாரில்லை. ஆகவே வேலை வீட்டிலேயே நடக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் கோயிலுக்கும் ஒரு பையில் கொண்டுபோகக் கூடியதாக இருக்க வேண்டும். சிறிய பெட்டி, பெரிய பலம்.

தெரிவு செய்யும் பொறுப்பு, குடும்பத்தில் வாசிக்கிறவன் என்று பெயரெடுத்த எனக்கு வந்தது. கலியாணத்துக்கு மாப்பிள்ளையைப் பற்றிக்கூட எங்கள் ஆட்கள் இவ்வளவு விசாரித்ததில்லை. செயலியில் எத்தனை கருக்கள், நினைவகம் எவ்வளவு, படம் காட்டும் பகுதி அந்த நினைவகத்தில் எவ்வளவைக் கடன் வாங்கும் என்றெல்லாம் படித்து, விளங்காததை மனப்பாடம் செய்தேன். இலக்கியக் கூட்டங்களிலும் என் முறை அதுதான். கொள்ளுப்பிட்டிக் கடைக்காரரிடம் ஒப்பித்தபோது அவர், இந்தப் பொடியன் பார்வைக்குத்தான் சின்னவன் என்று சிங்களத்தில் சொல்லிப் பெட்டியைத் தட்டிக் கொடுத்தார். அந்த ஒரு வாக்கியம் நான் வாசித்த அத்தனையையும்விட நம்பிக்கையூட்டியது.

அத்தான் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். நகத்தால் சுண்டினார். பிளாஸ்டிக் இல்லை, அலுமினியம், உடம்பே சூட்டை வெளியே விடும் என்று தலையாட்டினார். கவிழ்த்தார். அடியில் தேன்கூடு போலத் துளைகள். நான்கு திருகாணிகளைக் கழற்றி அக்காவின் சோசரில் வரிசையாக வைத்தார். உள்ளே செப்புக் குழாய்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வேலை தெரிஞ்சவன் செய்தது. ஆனால் தம்பி, காத்து எடுக்கிற வாயைக் கீழை வைச்சவன், கால் வைக்க மறந்திட்டான். காசு முடிஞ்சுதோ தெரியேல்லை.”

அடியில் இருந்த ரப்பர்க் கால்கள் ஒரு சட்டைப் பொத்தான் உயரம்கூட இல்லை. குறையை இவ்வளவு சரியாகக் கண்டுபிடித்தவர், பெட்டியை மூடிப் பத்திரமாக அதன் இடத்தில் வைத்தார். அக்கா அதற்கென்று புதிதாகப் பின்னிய, நல்ல தடித்த விரிப்பின்மேல். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் விரிப்பு என்பது பலகையின் பகுதி. அது யார் கண்ணிலும் படாது.

மகன் அனுப்பிய பயிற்சி வாக்கியங்கள் அத்தானுக்குப் பிடிக்கவில்லை. கையருகே கிடந்தவை பத்திரிகையில் வந்த என் நகைச்சுவைப் பத்திகள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியை வைத்துக்கொண்டு அவற்றை வாசித்தார். என் எழுத்தை ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்ததை நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஓரிடத்திலும் சிரிக்கவில்லை. முடிவில், தொண்டை கெட்டதற்குக் காரணம் கிடைத்துவிட்டது, டொக்டரிடம் சொல் என்றார்.

கணினி கற்கத் தொடங்கியது. விசிறி இரைந்தது. மதியத்துக்குள் பெட்டி கொதித்து, திரை இருண்டு, செத்துப்போனது. கற்றதெல்லாம் போய்விட்டது. மறுபடி தொடங்கினோம். மறுபடி செத்தது. உப்புக்காற்றுக்குப் பயந்து அக்கா மேலே போட்டிருந்த போர்வையை எடுத்தோம். மேசை மின்விசிறியை அதன் முகத்துக்குத் திருப்பிவிட்டு நாங்கள் வியர்த்தோம். அப்போதும் செத்தது. கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். கடைக்காரர் புத்தாண்டுக்கு ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்த பிறகு கொண்டுவரட்டாம், பார்ப்பாராம். கொழும்பே கதவைச் சாத்திவிட்டு ஊருக்குப் போயிருந்தது. கற்று முடிந்தால்தான் எங்கே பிழை, எதை மீண்டும் வாசிக்க வேண்டும் என்று தெரியும். அதை அவர் வாசிக்கக் குரல் வேண்டும். அதுவோ ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் குறைந்தது.

அத்தான் பேசுவதை நிறுத்திவிட்டார். மிஞ்சியதை ஒலிவாங்கிக்கென்று சேமித்தார். தேநீருக்கு விரல், சோற்றுக்குக் கை, போதும் என்பதற்கு உள்ளங்கை. வீடு அப்படி அமைதியானதில், எல்லாரும் சுகம்தானா என்று விசாரிக்கக் கீழ் மாடிக்காரர் படியேறி வந்தார். நான் என்னிடமிருந்த பகிடிகளையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். நிலைமை இன்னும் மோசமானது.

ஒருநாள் சோறு பரிமாறிக்கொண்டிருந்த அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“உந்தப் பெட்டி நிண்டால் நிக்கட்டும். பிறகு அது கதைக்கிறதைக் கேக்க எனக்கு என்ன விசரே? இப்ப நீங்கள் என்னோட கதையுங்கோ.”

அவர் கையைத்தான் ஆட்டினார். அக்கா குசினிக்குள் போய்விட்டாள். நான் என் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பிற்காலத்துக்குக் குரல் வேண்டும். அவளுக்கு இன்றைக்கு வேண்டும். இருந்ததோ ஒருவருக்குக்கூடப் போதாது.

அத்தான் எழுந்துபோய்த் திருப்புளியை எடுத்துவந்தார். அதன் நுனியை, இரைந்துகொண்டிருந்த பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்தார். கப்பல் எஞ்சின்களின் உள்ளே நடப்பதை அவர் அப்படித்தான் கேட்பாராம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“மூச்சு முட்டுது,” என்றார். பல நாள்களுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை. மணலை அள்ளிக் கொட்டியது போலிருந்தது.

பெட்டியைத் தூக்கினார். விரிப்பும் கூடவே வந்தது. விசிறி உறிஞ்சிய உறிஞ்சலில் அது அடித் துளைகளோடு ஒட்டி, குஞ்சம் நாலு பக்கமும் தொங்க, பெட்டிக்குப் பாவாடை கட்டிவிட்டது போல் நின்றது. குசினி வாசலில் வந்து நின்ற அக்கா அதைப் பார்த்தாள். அத்தான் அக்காவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சத்தம் வரவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. அக்கா வந்து விரிப்பை உரித்தெடுத்தாள். அதில் தேன்கூட்டுத் துளைகள் சாம்பல் நிறத்தில் அச்சாகியிருந்தன.

வெறும் பலகையில் வைத்தபோது பெட்டி ஓடியது. மதியம் தாண்டியும் ஓடியது. மாலையில் கற்று முடித்தது. சோதனைக்கு என் பத்தியொன்றிலிருந்து ஒரு வரியை எழுதினேன். அத்தான் பேசினார், வாய் திறக்காமல். அவரேதான். ஆனால் குரலுக்குப் பின்னால் மெல்லிய இரைச்சல் ஒன்று. பதியும்போது மூச்சுத் திணறிக்கொண்டிருந்த விசிறியின் சத்தம் குரலோடு கலந்துவிட்டது. கொஞ்சத்தை மீண்டும் பதிவோம் என்றேன்.

“இருக்கட்டும். மிசின் சத்தம் இல்லாமல் நான் எப்ப கதைச்சனான்?”

ஒலிவாங்கியைச் சுருட்டி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து வாசலைக் காட்டினார். அதற்கு விரல் போதுமாயிருந்தது. நான் கடற்கரைக்குப் போய், ரயில் பாதையோரக் கல்லொன்றில் உட்கார்ந்திருந்தேன். மிஞ்சியிருந்த குரலில் அக்காவிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்டதில்லை. திரும்பி வந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், தொண்டையில் கட்டோடு, அவர் முதன்முதலாகத் தட்டெழுதியதைப் பெட்டி வாசித்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இஞ்சேரும், இதுக்குக் கீழை ஒண்டும் விரிக்காதையும்.”

“குரல் போயும் அதிகாரம் போகேல்லை,” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன்பின் ஒரு மழைக்காலம் வரைதான் அவர் இருந்தார். பெட்டிக்கு அந்தக் குரல் இன்னும் தெரியும். அம்மாவின் பிறந்தநாளுக்கு அப்பாவின் குரலில் ஒரு வாழ்த்துச் செய்து அனுப்பட்டுமா என்று மகன் கேட்டான். அவர் சொல்லாததை அவருடைய வாயால் யாரும் சொல்லக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். நான் போகும் நாள்களில் மட்டும், உப்புப் பிடித்துவிட்டதோ தெரியாது, ஒருக்கால் போட்டுப் பார் என்பாள். போடுவேன். விசிறி மெல்லத் தொடங்கி ஒரே சீராக இரையும். எதையும் எழுத மாட்டேன். இருவரும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்போம். பிறகு சரி, நிப்பாட்டு என்பாள்.

நான் தேநீர்க் கோப்பையை வைக்கப் போனால், அது மேசையைத் தொடுமுன் விரிப்பு வந்துவிடுகிறது. பெட்டி இருக்கும் பலகையை அவள் தினமும் ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, வெறுமையாகவே வைத்திருக்கிறாள்.