மணப்பெண் காருக்கு முன்னால் ஒரு டுரியான் லாரி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பினாங்குப் பாலத்தின் நடுவில், கடலுக்கு மேலே, நகராமல் நின்றுகொண்டிருந்தேன். என் காரின் பின்சீட்டில் ஒரு மணப்பெண்.

கடத்திக்கொண்டு போகவில்லை, பயப்படாதீர்கள். என் அக்கா மகள் தர்ஷினி. வீடு தீவுப் பக்கம், ஜெலுத்தோங்கில். கல்யாண மண்டபம் அக்கரையில், பட்டர்வொர்த்தில். எங்கள் குடும்பத்தில் கீறல் விழாத ஒரே கார் என்னுடையது என்பதால், மணப்பெண் காருக்கு டிரைவர் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். பத்தரைக்குள் தாலி ஏறியாக வேண்டும். தவறினால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் எங்கள் ஆட்கள் கல்யாணம் செய்வார்களா என்ன?

முன்னால் அத்தானின் கார். அதாவது, தர்ஷினியின் அப்பா. அந்தக் காரின் பின்கண்ணாடி வழியாக வீடியோக்காரர் எங்களைப் படம் பிடித்துக்கொண்டே வந்தார். அடுத்து நான், என் பக்கத்தில் அக்கா, பின்னால் பெண். எங்களுக்குப் பின்னே சொந்தக்காரர்கள் நிறைந்த வேன். எல்லாவற்றிலும் ரிப்பன், பூ.

எங்கள் வீட்டுக் கல்யாணக் கார்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போக வேண்டும். நடுவில் அந்நிய வண்டி எதுவும் புகுந்துவிடக் கூடாது. புகுந்தால் என்ன ஆகும்? யாரும் இதுவரை சொன்னதில்லை. சொல்லாமல் விட்டதால்தான் பயம் ஜாஸ்தி.

பாலத்தில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு போர்டு. முன்னால் ரிப்பேர் வேலை, இடது லேன் அடைப்பு.

அத்தான் ரொம்ப மரியாதைக்காரர். போர்டைப் பார்த்தாரோ இல்லையோ, வலது சிக்னலைப் போட்டு அடுத்த லேனில் நுழைந்துவிட்டார். சட்டப்படி அவர் வாலைப் பிடித்துக்கொண்டு நானும். என் வாலைப் பிடித்துக்கொண்டு வேனும். எங்களைப் போன்ற மரியாதைக்காரர்கள் அன்றைக்கு ஏராளம் போலிருக்கிறது... எல்லோரும் அந்த ஒரே லேனில் அடைந்து ஊர்ந்தோம். இடது லேன் வெகு தூரத்துக்குக் காலியாகக் கிடந்தது.

அந்தக் காலி லேனில் சில கார்கள் சர்ரென்று முன்னால் போயின.

"பாத்தியாடி? கியூ வெட்டிட்டுப் போறானுங்க. வெக்கமே இல்ல!" என்றாள் அக்கா.

நீங்கள் எந்த ரகம், சொல்லுங்கள். போர்டைப் பார்த்ததும் ஒதுங்குகிற ரகமா, கடைசிவரை போய் மூக்கை நுழைக்கிற ரகமா? நான் முதல் ரகம். அதில் எனக்கு ரகசியப் பெருமையும் உண்டு. அதாவது, போன ஞாயிறு வரை இருந்தது.

பிறகு சுத்தமாக நின்றுவிட்டது.

கடலுக்கு மேலே நிற்பது வேறு மாதிரியான நிற்பது. காருக்குள் ஏசிக் குளிரில் மல்லிகை வாசம் மிதந்தது. வெளியே வெள்ளிப் பூச்சு பூசிய மாதிரித் தண்ணீர். தூரத்தில் ஒரு மீன் படகு, போகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. அக்கரை மலைகள் பாதி அழிந்த பென்சில் கோடுகளாக இருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தால் நாம் நிற்கிறோமா, கடல் நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறதா என்று சந்தேகம் வந்துவிடும். கண்ணாடியில் தர்ஷினியைப் பார்த்தேன். நெற்றிச்சுட்டி ஆட, திரும்பி, நாங்கள் விட்டு வந்த தீவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகூர்த்தம், ஆடி, பத்தரை... எல்லாம் வேறு யாருடைய கவலையோ போல் எனக்குத் தோன்றியது.

அக்காவுக்குத் தோன்றவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும் முருகனைக் கூப்பிடுவதுமாக இருந்தாள்.

ஒருவழியாக லேன் முடிகிற இடத்துக்கு வந்தோம். ஆரஞ்சுக் கூம்புகள், மின்னுகிற அம்புக்குறி. அத்தான் கார் தாண்டிவிட்டது. அடுத்து நான். அப்போது இடது பக்கம் ஒரு லாரியின் மூக்கு வந்து நின்றது. பாலிக் புலாவ் தோட்டத்திலிருந்து வருகிறது போலும், கூடை கூடையாக டுரியான் பழம். ஓட்டி வந்த மலாய்க்காரப் பெரியவர் கையை உயர்த்தி வழி கேட்டார்.

"விடாதே! அத்தான் காடிய ஒட்டியே போ!" என்று அக்கா கத்தினாள்.

நான் ஒரு சாண் நகர்ந்தேன். அவரும் ஒரு சாண் நகர்ந்தார். இப்போது அவரும் போக முடியாது, நானும் போக முடியாது. பின்னால் ஹாரன் கச்சேரி ஆரம்பமானது.

"சித்தி, அவர விடுங்க" என்றது பின்சீட்டு.

"நீ பேசாம இரு. கல்யாணப் பொண்ணு!"

"அம்மா, எங்க ஃபேக்டரில ரெண்டு கன்வேயர் பெல்ட்டு ஒண்ணா சேர்ற எடத்துல சாமான் இப்படி முட்டிக்கிட்டா மொத்த லைனும் நின்னுடும்லா. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. அவ்ளோதான்."

தர்ஷினி தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் இன்ஜினியர். பட்டுச்சேலைக்குள் இருந்தாலும் இன்ஜினியர் இன்ஜினியர்தானே.

"அப்ப கியூ வெட்டினவன்லாம் நல்லவனா?"

"கடைசி வரைக்கும் வர்றது வெட்டுறது இல்லம்மா. ரோடு ஃப்ரீயா ஓடுனா, எடம் கெடைச்சதும் மாறிக்கலாம். இப்படி ஜேம்னா ரெண்டு லேன்லயும் கடைசி வரைக்கும் வந்து, ஒண்ணு விட்டு ஒண்ணு நுழையணும். நாமதான் அங்கேயே ஒதுங்கி ஒரு லேன வீணாக்கிட்டோம்."

"அவன விட்டா நாம பிரிஞ்சிடுவோமே..." அக்காவின் குரல் உடைந்தது. "நீயே பிரிஞ்சு போற. அது பத்தாதா எனக்கு?"

ஹாரன்கள்கூட எங்கோ தூரத்தில் கேட்டன. ஆக, இதுவா விஷயம்? இத்தனை வருஷமாக யாரும் சொல்லாமல் விட்டது இதைத்தானா?

தர்ஷினி முன்னால் சாய்ந்து, வளையல் குலுங்க அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அக்கரைக்குத்தானேம்மா போறேன். லீவு முடிஞ்சதும் வேலைக்கு இதே பாலத்துலதான் வரணும். தெனமும் வருவேன்லா."

எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. கண்ணீர் மறைக்கும்போது கார் ஓட்டக் கூடாது அல்லவா? பிரேக்கை அழுத்தி, பெரியவருக்குக் கையைக் காட்டினேன்.

லாரி நுழைந்தது. அடுத்து நான். எனக்குப் பின்னால் ஒரு ஃபேக்டரி பஸ், அதற்குப் பிறகு எங்கள் வேன். யார் சொன்னார்களோ, எல்லோரும் ஒன்று விட்டு ஒன்று நுழைய ஆரம்பித்தார்கள். மொத்த வரிசையும் மெல்ல, தூக்கம் கலைந்த மாதிரி, நகர்ந்தது. கல்யாண ரிப்பனைக் கண்டுகொண்டாரோ என்னவோ, லாரிக்காரர் நான்கு சிக்னலையும் மின்னவிட்டு எங்களுக்கு முன்னால் ஊர்வலம் போனார். மல்லிகை வாசமும் டுரியான் வாசமும் காருக்குள் சம்பந்தம் பேசிக்கொண்டன.

தாலி நேரத்துக்கு ஏறியது. நான் நன்றாக அழுதேன்.

ஒன்று யோசித்தேன். முதல் ஆளாக ஒதுங்கிவிடுவதை மரியாதை என்கிறோம். பிறகு அந்த மரியாதைக்குக் கூலியாக, வேறு யாரையும் உள்ளே விட மாட்டேன் என்கிறோம். ஒதுங்குவது சுலபம். நமக்கு முன்னால் ஒருவரை விடுகிற அந்த ஒரு நொடிதான் கஷ்டம்.

நேற்று அக்கா வீட்டில் இருந்தபோது வீடியோக்காரர் போன் செய்தார். பாலத்தைக் கடக்கிற கடைசிக் காட்சியில் மணப்பெண் கார் தெரியவே இல்லையாம். முழுக்க டுரியான் லாரிதானாம். வெட்டிவிடலாமா என்று கேட்டார்.

அக்கா சொன்னாள்:

"வேணாம் தம்பி, இருக்கட்டும். அவரும் பொண்ணு வீட்டுக்காரர்தான்லா."