குழந்தை பிறந்த பிறகும் இறங்காத பிரஷர்

கர்ப்பத்தில் ஏறிய பிரஷர் குழந்தை பிறந்ததும் தானாக இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். பெண் குழந்தை பிறந்து, என் மனைவியை மலை மேலுள்ள வட்டக்கானல் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. இனிமேலும் கவனம் வேண்டும், மாத்திரையை நிறுத்தக் கூடாது, காலையும் மாலையும் பிரஷர் பார்க்க வேண்டும் என்றார். கையோடு ஒரு மிஷின் வாங்கிக்கொண்டோம்.

காலையும் மாலையும் எனக்குப் போதவில்லை. கெஸ்ட் ஹவுஸில் அறைகளைச் சுத்தம் செய்வது என் வேலை. இடையிடையே வீட்டுக்கு ஓடிவந்து அவள் கையில் பட்டையைச் சுற்றினேன். பால் கொடுக்கும்போதுகூட விடவில்லை. எண் கூடினால் மறுபடி பார்ப்பேன். குறைந்தால் மிஷின் பழுதோ என்று மறுபடியும் பார்ப்பேன்.

"நீங்க பக்கத்துல வந்து உக்காந்தாலே எனக்கு ஏறுது," என்றாள். "செத்த வெளிய போங்க. நானே பாத்துக்கிறேன்."

நர்ஸிடம் போனில் கேட்டேன். அவரும் அவள் பக்கம்தான். அமைதியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகே பார்க்க வேண்டுமாம். எண் ரொம்ப ஏறினாலோ, தலைவலி, கண் மங்கல் வந்தாலோ உடனே கூட்டிவரச் சொன்னார். ஓட்டத்தை நிறுத்தினேன். படுக்கை விரிப்பை மாற்றும்போதும் கவனமெல்லாம் போனில்தான்.

அந்த வாரமே அழைத்தாள். "தல வெடிக்கிற மாதிரி இருக்கு. கண்ணு முன்னால புள்ளி புள்ளியாத் தெரியுது. மிஷின்லயும் ரொம்பக் கூடிருச்சு. வெரசா வாங்க."

கெஸ்ட் ஹவுஸ் ஜீப்பில் வீட்டுக்கு விரைந்தேன். குளிர்காற்று பட்ட தலைவலிதான், பச்சை உடம்போடு வெளியே போக வேண்டாம் என்றார் துணைக்கு வந்து தங்கியிருந்த மாமியார். நான் வாய் திறப்பதற்குள் அவளே சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டாள். மாமியாரும் குழந்தையோடு ஏறினார். சீசன் நேரம். வளைவில் சுற்றுலாக் கார்கள் நகராமல் நின்றன. இறங்கி ஒவ்வொரு டிரைவரிடமும் கெஞ்சி ஒதுக்கவைத்தேன். திரும்பிவந்தபோது மாமியார் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கலாம் என்றார் டாக்டர். வராந்தாவில் என்னால் உட்கார முடியவில்லை. பிரஷர் இறங்கியதும் குழந்தையைக் கேட்டாள். மாமியார் நர்ஸிடம் எந்த மாத்திரை எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். வருடம் தவறாமல் பிரஷர் பார்க்க வேண்டும், அடுத்த கர்ப்பம் என்றால் தொடக்கத்திலேயே வரவேண்டும் என்றார் டாக்டர்.

போன வாரம், "பாப்பாவுக்கு ஒரு துணை வேணாமா?" என்று கேட்டாள். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். அன்று எந்த அறையை முடித்தேன், எதை விட்டேன் என்று நினைவில்லை.