சத்தம் போடாதே என்று சொன்ன ஞாயிறு

திருப்பதியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஏழு ஸ்பீக்கர்களும் அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபரும் இருக்கின்றன. அவற்றை இயக்கும் ரிசீவர் பழையது. போன வருடம் அதை எடுத்துவிட்டு, தனியாக ஒரு சரவுண்ட் ப்ராசஸர் வாங்கலாமா என்று மூன்று மாதம் யோசித்துக்கொண்டிருந்தேன். புதியது பதினாறு ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும். கூரையில் நான்கு மாட்டிவிட்டால் படத்தில் பெய்கிற மழை தலைக்கு மேலே கேட்கும். ஆனால் அதற்கு ஆம்ப்ளிஃபயர் தனியாக வேண்டும், கூரையைத் துளைத்து வயர் இழுக்க வேண்டும். பழைய ரிசீவரிலோ மழை மேலிருந்து வராது என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் பாலிடெக்னிக்கில் வகுப்பு எடுத்துவிட்டு வந்ததும் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு நோட்டில் எழுதுவேன். எழுத எழுத முடிவு தள்ளித்தான் போனது.

என் மனைவி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். சித்தூரை அடுத்த குடிபாலா பக்கம் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமை படங்களுக்கு அவளும் மாடிக்கு வருவாள். எல்லா ஒலியும் ஒன்றாகச் சேருகிற இடம் என்பதால் சோபாவின் நடுவில் நான்தான் உட்காருவேன். என் வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டிருந்தவள், ஒரு கட்டத்தில் இடப்பக்கத்துக்கு மாறிவிட்டாள்.

"அங்க ஸ்பீக்கர் ரொம்பக் கிட்ட கீது. மத்த சத்தம் அமுங்கிப் போவும்" என்றேன்.

"எனக்கு இதுதாங்க வசதி" என்றாள். நான் மேலே கேட்கவில்லை.

ப்ராசஸர் விற்கிற கடைக்காரர் ஒரு சனிக்கிழமை எங்களை வரச் சொன்னார். கடையின் மாடியில், கேட்டுப் பார்ப்பதற்கென்றே திரை போட்ட ஓர் அறை வைத்திருந்தார். தெலுங்குக்காரர். எங்களிடம் தமிழும் தெலுங்குமாகப் பேசுவார். அன்று என்னைவிட அவளைச் சம்மதிக்க வைப்பதில்தான் அவருக்கு அக்கறை.

"ரண்டி, வாங்க மேடம், நடுவுல உக்காருங்க. ஒரு வண்டோட சத்தம் ரூமைச் சுத்தி வரும். கண்ணை மூடிக்கினு, அது எங்க போவுதோ அங்க விரலைக் காட்டுங்க, சாலு, அது போதும்."

வண்டு எனக்கு இடது மூலையில் கிளம்பி, தலைக்கு மேலே ஏறி, முதுகுக்குப் பின்னால் இறங்கியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் விரல் வலப்பக்கச் சுவரைக் காட்டியது. வண்டு எங்கே போனாலும் விரல் அங்கேயே நின்றது. கடைக்காரர் மறுபடி போட்டார். மறுபடியும் வலப்பக்கம்தான்.

"இவளுக்கு இதெல்லாம் புடிபடாது சார்" என்று சொல்லிச் சிரித்தேன். கடைக்காரரும் மரியாதைக்குச் சிரித்தார். அவள் கண்ணைத் திறந்து, நீட்டியிருந்த கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கீழே வந்து தெருமுனையில் காபி வாங்கினோம். பாதி குடித்ததும் சொன்னாள்.

"எனக்கு இந்த எடது காது கேக்கறதில்லீங்க."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் அப்படி இல்லை.

"எப்பலருந்து?"

"ரெண்டு வருசம் ஆவுது. நீங்க மைக்க வெச்சிக்கினு, யாரும் சத்தம் போடாதீங்கன்னு சொன்னீங்களே, அந்த ஞாயித்திக்கெழமலருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. ரெண்டு தபா சொன்னேன்."

அவள் சொன்னது நினைவில் இருந்தது. அதை நான் மறந்திருக்கவே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

அந்த ஞாயிறு காலை அறையின் ஒலியை அளந்துகொண்டிருந்தேன். சோபாவில் எட்டு இடங்களில் மைக்கை வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரும் விட்டுவிட்டுக் கத்துவதைப் பதிவு செய்ய வேண்டும். நடுவில் வேறு சத்தம் கலந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் மிக்ஸி போடக்கூடாது என்று கீழே சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஆறாவது இடத்தில் இருக்கும்போது அவள் வாசலில் வந்து நின்றாள். "காது அடச்சிக்கினா மாதிரி கீதுங்க. உள்ள ஙொய்யினு..." என்று ஆரம்பித்தாள். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவள் அப்படியே நிறுத்திக்கொண்டு, படியில் கால் ஓசை கேட்காமல் இறங்கிப் போனாள்.

மத்தியானம் சாப்பிடும்போது மறுபடி சொன்னாள். "தலைக்கு ஊத்திக்கினப்ப தண்ணி பூந்திருக்கும். தானா சரியாப் போவும்" என்றேன். என் மனசெல்லாம் அறையின் ஒலி கிராஃபில் தெரிந்த ஒரு பள்ளத்தில் இருந்தது. அவளே மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி நாலு நாள் விட்டுக்கொண்டாளாம். அப்புறம் பழகிவிட்டதாம். வகுப்பில் மேசையை இடது மூலைக்கு நகர்த்திக்கொண்டாளாம், பிள்ளைகள் எல்லோரும் வலப்பக்கம் வருகிற மாதிரி.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். பரிசோதனை முடிந்து ஒரு கிராஃப் கொடுத்தார்கள். அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்ட கிராஃபுகளோடுதான் வருடக்கணக்காக இருக்கிறேன். வலது காதின் கோடு மேலே ஒழுங்காகப் போனது. இடது காதின் கோடு தாளின் அடியில் கிடந்தது.

டாக்டர் என்னைப் பார்த்து, எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். சொன்னேன்.

"இப்படித் திடீர்னு போறதுக்கு அந்த வாரமே வந்திருக்கணும். மாத்திரையிலேயே சிலருக்குத் திரும்பி வந்திருக்கு. உங்களுக்கும் வந்திருக்கும்னு நான் சொல்ல முடியாது. ஆனா முயற்சி பண்ணிப் பாத்திருக்கலாம்."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைக்காரர் அந்த வாரம் இரண்டு முறை ஃபோன் செய்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

"வாங்கறதுன்னா வாங்குங்க. எனக்கோசரம் நிறுத்திட்டேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வேணாம்."

"அதுக்கில்ல. ஆசை போயிடிச்சி."

"போன ஆச வரும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவள் சொல்வது மாதிரிதான் சொன்னாள்.

கேட்காத பக்கத்து ஒலியைப் பிடித்துக் கேட்கிற காதுக்கு அனுப்பும் ஒரு கருவியை வேலூருக்குப் போய் வாங்கி வந்தோம். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் மாட்டிக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி டப்பாவில் வைத்துவிடுகிறாள். சாமான் விழுகிற சத்தம் மண்டைக்குள் அடிக்கிறதாம்.

ஒரு சாயங்காலம் நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் ஃபோன் எங்கோ அடித்தது. அவள் கூடத்தின் நடுவில் வந்து நின்று, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். அலமாரிப் பக்கம் இரண்டடி போனாள். நின்று, தலையைச் சாய்த்து, மறுபடி சுற்றினாள். ஃபோன் அவளுக்குப் பின்னால் ஜன்னல் விளிம்பில் இருந்தது. அவள் கண்டுபிடிப்பதற்குள் அடித்து ஓய்ந்துவிட்டது.

இதை நான் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். வைத்த இடம் ஞாபகம் இல்லையா என்று கேலிகூடச் செய்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் அடித்தால் நானே எழுந்து போய் எடுத்துக் கொடுக்கிறேன். சில நாள் வாங்கிக்கொள்கிறாள். சில நாள், "வுடுங்க, நானே தேடிக்கறேன்" என்கிறாள். அப்போது உட்கார்ந்துவிடுவேன். அவள் தேடி முடிக்கும்வரை பேப்பரில் ஒரு வரி ஓடாது.